பிடிவாதக்கார மரோன்

ஆம்பூர் ரயிலடியில் ரோசாலி இறங்கியபோது அவள் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் நான்கு சட்டைகள் இருந்தன. அவள் போட்டிருந்தது ஐந்தாவது சட்டை. அதற்குப் பிறகு ஒரு மாதமாக அந்த ஐந்தாவதைத் தவிர வேறு எதையும் அவள் போடவில்லை.

வறுத்த வேர்க்கடலையின் தோல் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். முழங்காலுக்குக் கீழே வரும் கவுன். கீழ் ஓரத்தில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தது.

"இதை மட்டும் யாரும் தொடக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவள் அதிகமாக எதுவும் பேசவில்லை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், நவம்பர் மாதம் நடந்தது.

ரோசாலி ஒன்பது வயதுப் பெண். அமலியின் அத்தை மகள். பிறந்தது, வளர்ந்தது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாம் புதுச்சேரியில். அவளுடைய அப்பா முன்பே இறந்துவிட்டார். அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து அம்மாவும் போய்விட்டாள். ரோசாலியின் பெரியப்பா ஞானமுத்துதான் அவளை ரயிலேற்றிக் கூட்டிவந்து, தாய்மாமன் வீட்டில் விட்டார்.

போகும்போது அவர் வாசலில் நின்று அமலியின் அப்பாவிடம் சொன்னதை, கதவுக்குப் பின்னால் இருந்த அமலி கேட்டாள்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் இருக்கட்டும் ஆரோக்கியசாமி. பொண்ணு ஒட்டினா நீயே வெச்சுக்கோ. ஒட்டலேன்னா பாண்டியிலே கன்னியர் மடத்துலே எடம் சொல்லி வெச்சிருக்கேன். நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

அமலிக்குப் பத்து வயது. எதைக் கேட்டாலும் அது அவளுக்குப் படமாகத் தெரியும். 'ஒட்டினால்' என்றதும், அப்பா ஒரு கிண்ணத்தில் கோந்து கரைத்துக்கொண்டு ரோசாலியின் முதுகில் தடவுவது போலவும், அவளைச் சுவரில் படம் மாதிரி வைத்து அழுத்துவது போலவும் தெரிந்தது. ரோசாலி மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தாள்.

'ஒரு பெண்ணை எப்படித்தான் ஒட்டவைப்பது?' என்று அமலி யோசித்தாள்.

முதல் பத்து நாட்கள் எதுவும் ஒட்டவில்லை. அமலியின் அப்பா தோல் பதனிடும் மண்டியில் வேலை செய்தார். ஆவாரம் பட்டை ஊறிய தொட்டியில் இறங்கி நின்று தோல்களைப் புரட்டிப் புரட்டிப் போடுவது அவர் வேலை. அதனால் அவருடைய கைகள் முழங்கை வரை பழுப்பு. எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத பழுப்பு. அவர் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ரோசாலி அந்தக் கைகளையே பார்ப்பாள். பிறகு சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவாள்.

"என் கையைக் கண்டு பயப்படுதா, வாசனைக்கு மூஞ்சைச் சுளிக்குதா, தெரியலையே" என்பார் அப்பா.

"கொழந்தைக்கு அம்மா ஞாபகங்க" என்பாள் அமலியின் அம்மா சவுரியம்மாள்.

ரோசாலி முதன்முதலாகப் பேசியது பாலாற்றில்தான். ஆறு என்றால் தண்ணீர் என்று நினைக்கவேண்டாம். பாலாற்றில் மணல்தான் ஓடும். சாயங்காலம் அந்த மணலில் அமலியும் அவள் தங்கை பிலோமியும் தம்பி சேசுவும் விளையாடப் போவார்கள். ரோசாலி கூடவே வந்து, தள்ளி உட்கார்ந்து, விரலால் மணலில் ஏதோ எழுதுவாள்.

"இன்னா எழுதற?" என்று கேட்டாள் அமலி.

"பிரெஞ்சு."

"படிச்சுக் காட்டேன்."

ரோசாலி ஒரு வார்த்தையைத் தொட்டு, "ப்லான். வெள்ளைன்னு அர்த்தம்" என்றாள். அடுத்த வார்த்தையைத் தொட்டாள். "ப்லான்ஷ். இதுவும் வெள்ளைதான்."

"ஒரு வெள்ளைக்கு எதுக்கு ரெண்டு வார்த்தை?"

"ரெண்டு இல்லே, நாலு. வெள்ளைச் சுவர்னா சுவர் ஆம்பிளை. அதனாலே வெள்ளையும் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கும். வெள்ளைக் கதவுன்னா கதவு பொம்பிளை. வெள்ளை ஓடிப் போய்ப் பாவாடை கட்டிட்டு வரும். சுவருங்க நிறைய இருந்தா ஒரு மாதிரி, கதவுங்க நிறைய இருந்தா இன்னொரு மாதிரி."

சேசுவுக்கு ஆறு வயது. அவனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. "கதவு எப்படிப் பொம்பிளை ஆவும்? எங்க வீட்டுக் கதவு மேலே நான் ஏறி ஆடறேனே!"

பிலோமி விழுந்து விழுந்து சிரித்தாள். ரோசாலி சிரிக்கவில்லை. ஆனால் அவள் உதடு ஒரு ஓரத்தில் கொஞ்சம் மேலே போனதை அமலி பார்த்துவிட்டாள்.

"நிறைய இருந்தா கடைசியிலே ஒரு எழுத்து சேரும்" என்று ரோசாலி மணலில் பாம்பு போல ஓர் எழுத்து வரைந்தாள். "ஆனா அதைச் சொல்லக்கூடாது. எழுதத்தான் செய்யணும். வாயிலே சத்தமே வராது."

அமலி அந்தப் பாம்பு எழுத்தைப் பார்த்தாள். ஏலகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மணல் முழுக்கத் தங்கப்பொடி. அந்த வெளிச்சத்தில் அவளுக்கு ஓர் ஊர்வலம் தெரிந்தது. சுவர்கள் மீசை வைத்துக்கொண்டு நடந்தன. கதவுகள் வளையல் குலுங்க நடந்தன. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு சின்ன வார்த்தை, தன் துணையின் துணியிலேயே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியது. எல்லோருக்கும் கடைசியில் பாம்பு எழுத்து வந்தது. சத்தமே போடாமல், யாரும் கூப்பிடாமல், ஆனால் கூடவே.

'ரோசாலியைப் போல' என்று நினைத்துக்கொண்டாள் அமலி.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அமலி அப்பாவைச் சும்மா விடவில்லை. "நைனா, பிரெஞ்சுலே எல்லாப் பொருளும் ஆணா பொண்ணா ஏதாவது ஒண்ணாம். ரோசாலி, தோல் ஆணா பொண்ணா?"

ரோசாலி தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "உடம்பு மேலே இருக்கிற தோல் பொண்ணு. பதம் பண்ணி முடிச்ச தோலுக்கு வேற பேரு. அது ஆண்."

அப்பா கையிலிருந்த கவளத்தை அப்படியே நிறுத்தினார். தன் பழுப்புக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! அப்போ நான் தினம் மண்டியிலே பொண்ணுங்களைத் தொட்டியிலே போட்டு ஆம்பிளைங்களா எடுக்கறேனா? மொதலாளிக்குத் தெரிஞ்சா பேஜாராயிடுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். ரோசாலி அன்று சோற்றை ஒதுக்கவில்லை.

டிசம்பர் வந்தது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸுக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பார்கள். கோயில் வாசலில் கூட்டம் எவ்வளவு நெரிந்தாலும், துணியைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். "கத்திரிப்பூ கலரா? அது கொத்தனார் வீடு. சிவப்புக் கட்டமா? அது தபால்காரர் வீடு" என்பார்கள்.

சவுரியம்மாள் நாலு பிள்ளைகளுக்குக் கணக்காக வெள்ளை மல் துணி எடுத்தாள். தையல்கார ஷபீ அஹமது வீட்டுக்கே வந்து அளவு எடுத்தார். அமலி நின்றாள். பிலோமி நின்றாள். சேசு நெளிந்துகொண்டே நின்றான். ரோசாலியின் முறை வந்ததும் அவள் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"கையைத் தூக்கும்மா பாப்பா."

"எனக்கு வேணாம்."

"இன்னா பாப்பா இது? துணி அவ்ளோ மெத்துனு இருக்குது!"

"எனக்கு வேணாம்" என்று ரோசாலி மறுபடி சொன்னாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

ஷபீ அஹமது அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார். "பேஜார் பண்ணாதீங்க தங்கச்சி" என்றார் சவுரியம்மாளிடம். "மூணு தைக்கறேன். நாலாவது துணி அப்படியே என் பெட்டியிலே இருக்கட்டும். பாப்பா கையைத் தூக்கற அன்னைக்கு வெட்டறேன்."

அவர் போன பிறகு அம்மா அடுப்படியில் அப்பாவிடம் பேசியது அமலி காதில் விழுந்தது.

"பண்டிகை அன்னிக்கு மூணு பசங்க வெள்ளையிலே, அவ மட்டும் அந்தப் பழைய சட்டையிலே நின்னா ஊரு இன்னா சொல்லும்? சொந்தப் பசங்களுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணுன்னு சொல்லாதா? அவங்க பெரியப்பா பார்த்தா, 'ஒட்டலே'ன்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு."

"கட்டாயப்படுத்தி மாத்தலாமா சவுரி?"

"அது எப்படீங்க? எனக்கே மனசு வரலை."

அமலிக்கு அன்றைக்குத்தான் நாள் எண்ணத் தோன்றியது. இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மா அந்தக் கவுனைத் துவைப்பாள். அது காயும்வரை ரோசாலி ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று காவல். ஒரு நாள் அமலியும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த நெறத்துக்குப் பிரெஞ்சுலே இன்னா பேரு?" என்று கேட்டாள்.

"மரோன்."

"ஆம்பிளையா வந்தா?"

"மரோன்."

"பொம்பிளையா வந்தா?"

"அப்பவும் மரோன்தான். நிறைய வந்தாலும் மரோன்தான். பாம்பு எழுத்துகூடச் சேராது." ரோசாலி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் ஒரு தடவை சேர்த்து எழுதிட்டேன். டீச்சர் அழிச்சிட்டாங்க. மரோன்கிறது நிஜத்திலே நிறம் இல்லையாம். ஒரு கொட்டையோட பேராம். சீமையிலே குளிர்காலத்திலே சுட்டுத் தின்பாங்களாம். அதைக் கொண்டுவந்து நிறங்களோட உட்கார வெச்சுட்டாங்க. அதனாலே அது யாரோட போனாலும் சட்டை மாத்திக்காது."

"பிடிவாதம்!"

"பிடிவாதம் இல்லே" என்றாள் ரோசாலி. "அதுக்கு இருக்கிறதே ஒரு சட்டைதான்."

கொடியில் கவுன் மெல்ல ஆடியது. ரோசாலி அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணு மடிப்பு இருக்குது பாரு. வருஷத்துக்கு ஒண்ணா பிரிச்சுவிடணும்னு அம்மா சொன்னாங்க. நான் வளர வளர இதுவும் வளருமாம். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி தச்சாங்க."

அமலிக்கு ஒன்று புரிந்தது. ரோசாலியிடம் போய் 'சட்டையை மாற்று' என்று சொல்லவே கூடாது.

ஆனால் பெரியப்பா வருவாரே?

ஷபீ அஹமது சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தது இருபத்துமூன்றாம் தேதி. கஞ்சி மொடமொடப்புப் போவதற்காக அம்மா மூன்றையும் நனைத்துக் கொடியில் போட்டாள். அன்றைக்கே ரோசாலியின் கவுனையும் துவைத்திருந்தாள். கடைசியில் அப்பாவின் வேலை வேட்டி.

சாயங்கால வெயிலில் அமலி கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பிறகு கவுன். பிறகு வேட்டி.

கவுனும் வேட்டியும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின. காற்று அடித்தபோது ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்!

"நைனா!" என்று அமலி உள்ளே ஓடினாள். "உங்க வேலை வேட்டி வாங்கறப்போ இன்னா கலரு?"

"வெள்ளைதான். வேற இன்னா? ஆவாரம் பட்டைத் தண்ணியிலே நின்னு நின்னு இப்படி ஆயிடுச்சு. வெளுத்தாலும் போவலை. தோலும் அப்படித்தான் நிறம் புடிக்குது, துணியும் அப்படித்தான்."

"தொட்டியிலே எது பட்டாலும் அந்த நெறம் வருமா?"

"வரும். இரும்பு மட்டும் படக்கூடாது. ஒரு ஆணி விழுந்தாகூடப் பட்ட எடம் மையா கறுத்துடும். அதான் மண்டியிலே தொட்டிப் பக்கம் இரும்பு வாளியே விடமாட்டாங்க. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மா" என்றாள் அமலி.

மறுநாள் காலை, அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா கோயிலில் குடில் கட்டப் போனாள். அமலி மண்டியின் பின்பக்கம் போய், பட்டை இடிக்கும் முனியம்மாவிடம் பாவாடை நிறைய ஆவாரம் பட்டைத் தூள் வாங்கிவந்தாள்.

"எதுக்குடி பொண்ணே?"

"சாயம் போடறதுக்கு, அக்கா."

"அப்போ ரெண்டு கடுக்காயையும் தட்டிப் போடு. நிறம் நல்லாப் புடிக்கும்" என்று முனியம்மா அதையும் மடியில் போட்டு அனுப்பினாள்.

இரும்புச் சட்டி வேண்டாம் என்பது நினைவிருந்தது. பெரிய மண்பானையில் தண்ணீர் கொதித்தது. பட்டை வாசனை கொல்லையெல்லாம் பரவியது. மண்டியின் வாசனை, அப்பாவின் வாசனை. தண்ணீர் சிவந்து, பழுத்து, ஆழமாகியது. அமலி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பழுப்பு அமலி அவளை அண்ணாந்து பார்த்தாள்.

பானையை இறக்கிவைத்துவிட்டு, தன்னுடைய புத்தம்புது வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள். அம்மா அடித்தாலும் அடிப்பாள். 'என்னுடையதை மட்டும்தானே போடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே அமுக்கினாள்.

"ஐயையோ! அமலி, புதுச் சட்டை!" பின்னால் பிலோமி அலறினாள்.

"கத்தாதே. ரோசாலி தன் சட்டையை மாத்தமாட்டா. அப்போ நாம மாத்தினா இன்னா?"

சேசுவுக்கு உடனே பிடித்துவிட்டது. "என்னுதும் போடு! நைனா வேட்டி மாதிரி ஆக்கு!"

பிலோமி கொஞ்சம் இழுத்தாள். "வெள்ளையிலே நான் சிறகு வெச்ச சம்மனசு மாதிரி இருப்பேன்னு ஷபீ பாய் சொன்னாரு."

"சரி, நீ சம்மனசாவே இரு" என்றாள் அமலி. "ரோசாலிக்கு ரெண்டு பேர் துணை போதும்."

பிலோமி கால் மாற்றி நின்றாள். எல்லோரும் ஒரு துணியில், தான் மட்டும் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. விறுவிறுவென்று உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்து தானே பானையில் போட்டாள்.

கூச்சல் கேட்டு ரோசாலி கொல்லைக் கதவருகே வந்து நின்றாள். பானையைப் பார்த்தாள். குச்சியால் அமலி தூக்கிக் காட்டிய சட்டையைப் பார்த்தாள். வெள்ளை போய்க்கொண்டிருந்தது. வேர்க்கடலைத் தோல் நிறம் வந்துகொண்டிருந்தது.

"எதுக்கு இப்படி?" என்று கேட்டாள்.

"மரோனுக்குத்தான் ஒரே சட்டையாச்சே" என்றாள் அமலி. "எங்ககிட்டே ரெண்டு மூணு இருக்குது. நாங்க மாத்திக்கறோம்."

ரோசாலி படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று அமலியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நிறம் நன்றாக ஏறட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சேசு, பானையின் விளிம்பில் பம்பரம் விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தான்.

டொபுக்!

"இன்னாடா சத்தம்?"

"ஒண்ணும் இல்லே" என்றான் சேசு.

ஒன்றும் இல்லாமல் இல்லை. மழையில் கிடந்து ஆணி துருப்பிடித்த பம்பரம் அது. சட்டைகளை எடுத்தபோது சேசுவினுடையது அழகாக வந்தது. பிலோமியினுடையது இன்னும் அழகாக வந்தது. அமலியினுடையதைப் பிரித்ததும், கீழ் ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. பானையின் அடியில் பம்பரம் உட்கார்ந்திருந்தது.

அமலி தேய்த்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். புள்ளி அசையவில்லை.

"நான் வேணும்னு போடலை" என்று சேசு அழ ஆரம்பித்தான்.

அமலிக்கும் அழுகை வந்தது. புதுச் சட்டையை நிறம் மாற்றியதற்கே அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்போது நாலு பேர் ஒரே மாதிரி என்பதும் போயிற்று. எல்லோரையும் சேர்க்கப் போய், கடைசியில் தனியாக நின்றது அவள்தான்.

அப்போது ரோசாலி படியிலிருந்து எழுந்து வந்தாள். பானைக்குள் கைவிட்டுப் பம்பரத்தை எடுத்தாள். யாரும் தொடக்கூடாத தன் கவுனின் ஓரத்தை, அவள் அம்மா வைத்த மூன்று மடிப்புகளுக்குச் சற்று மேலே, அந்தப் பழுப்புத் தண்ணீரில் நனைத்தாள்.

"ரோசாலி, வேணாம்!" என்றாள் அமலி.

ரோசாலி பம்பர ஆணியை ஈரத்தில் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை பிரெஞ்சில் எண்ணினாள். எடுத்தபோது அங்கே ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு ரூபாய் அகலம்.

"இப்போ சரியாப் போச்சு" என்றாள். பிறகு பிலோமியின் சட்டையை வாங்கினாள். "நம்ம எல்லாருக்கும் ஒண்ணு."

'நம்ம' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

சேசுவின் சட்டைக்குப் புள்ளி வைக்கும்போது அவன் இரண்டு கேட்டான். "ஒண்ணுதான்" என்று ரோசாலி கண்டித்துச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருப்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா கோயிலிலிருந்து வந்து கொடியைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

"யாரு... யாருடி இந்த வேலை பண்ணது? அமலி!"

அமலி முன்னால் வருவதற்குள் ரோசாலி வந்து நின்றாள்.

"அவளை அடிக்காதீங்க அத்தே. நாங்க நாலு பேரும் சேர்ந்துதான் பண்ணினோம்."

சவுரியம்மாள் ரோசாலியைப் பார்த்தாள். அவள் கவுனில் இருந்த ஈரப் புள்ளியைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய மூன்று புள்ளிகளைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாலு பேருமா? அப்போ நாலு பேருக்கும் கொழுக்கட்டையிலே வெல்லம் கம்மி. சட்டையைக் கெடுத்ததுக்கு" என்றாள். ஆனால் அன்று கொழுக்கட்டையில் வெல்லம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பா கொடியருகே நின்றார். தன் கையை நீட்டி ஒரு சட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா சவுரி, வீடே என் கை மாதிரி ஆயிடுச்சு!"

ரோசாலி வந்து அந்தக் கையின் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். பம்பரம் எடுக்கப் பானையில் விட்ட கை. அதுவும் முழங்கை வரை பழுப்பாகத்தான் இருந்தது. "எனக்கும் மாமா" என்றாள்.

பெரியப்பா ஞானமுத்து அன்று மாலை ரயிலில் வந்தார். மறுநாள் காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய சட்டைப்பையில் இரண்டு ரயில் சீட்டுகள் இருந்தன. ஒன்று பெரியவருக்கு, ஒன்று பிள்ளைக்கு.

கூட்டம் கலகலவென்று வெளியே வந்தது. கத்திரிப்பூக் கலர் போயிற்று. சிவப்புக் கட்டம் போயிற்று. பிறகு பழுப்புச் சட்டைகள் நான்கு, கைகோத்துக்கொண்டு வந்தன.

அடுத்த தெரு ரங்கம்மாள் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அவள் மோவாயில் கை வைத்தாள். "இது இன்னா அதிசயம்! ஊரே கலர் கலரா துணி எடுத்தா, நீங்க மட்டும் மண்டித் தொட்டியிலே முக்கி எடுத்தாப்பலே இருக்கீங்க. யாரு வீட்டுப் புள்ளைங்க?"

"ஆரோக்கியசாமி வீட்டுப் புள்ளைங்க!" என்று சேசு கத்தினான்.

"அவருக்கு மூணு இல்லே?"

"நாலு" என்றாள் ரோசாலி.

பெரியப்பா அதைக் கேட்டார். அவர் ரோசாலியின் கவுனைப் பார்த்தார். அதைத் தைத்தவள் கையை அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற மூன்று சட்டைகளையும் பார்த்தார். நாலு புள்ளிகளையும் எண்ணினார்.

"இங்கேயே இருக்கியாம்மா?" என்று குனிந்து கேட்டார்.

ரோசாலி தலையை மட்டும் ஆட்டவில்லை. "இருக்கேன் பெரியப்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவர் ரோசாலியின் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டார். பிள்ளைச் சீட்டை எடுத்து, "ரயில் சீட்டு இது, வெச்சு விளையாடு" என்று சேசுவின் கையில் கொடுத்தார். மதிய ரயிலுக்குக் குடையோடு தனியாகப் போனார்.

அவரை வழியனுப்பிவிட்டு வரும்போது ரோசாலி ஷபீ அஹமதுவின் கடை முன்னால் நின்றாள். உள்ளே போய் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டாள்.

"இப்போ அளவு எடுங்க பாய். கீழே மடிப்பு வெச்சுத் தையுங்க. மூணு வேணும்."

ஷபீ அஹமது பெட்டியைத் திறந்து நாலாவது துணியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர்கள் பாலாற்று மணலுக்குப் போனார்கள். ஏலகிரி மேல் அதே வெளிச்சம். பிலோமியும் சேசுவும் ரயில் சீட்டை வைத்துக்கொண்டு ரயில் ஓட்டினார்கள். ரோசாலி மணலில் 'மரோன்' என்று பிரெஞ்சில் எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அதன் கடைசியில் பாம்பு எழுத்தைச் சேர்த்தாள்.

"அது தப்பு இல்லே?" என்று கேட்டாள் அமலி.

"தப்புதான். டீச்சர் பார்த்தா அழிச்சிடுவாங்க."

இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மணல், மலை, தூரத்தில் மண்டியின் புகை. டீச்சர் யாரும் இல்லை.

அதனால் அந்த எழுத்து அப்படியே இருந்தது. சத்தம் போடாமல், மற்ற எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டு.